பதினாறு கிராம் சினிமா

2005 மார்ச் 15 அன்று ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ டிவிடியாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. பிக்ஸார் தயாரித்து, பிராட் பேர்ட் இயக்கிய 115 நிமிட அனிமேஷன் படம். அப்போது தபாலில் டிவிடிகளை வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸின் சந்தாதாரர்கள் அதற்காகக் கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வாசல் தபால் பெட்டிக்கே ஒரு சிவப்புக் காகித உறை வந்தது. உள்ளே வெள்ளை நிறத்தில் இன்னொரு மெல்லிய உறை, அதற்குள் பிளாஸ்டிக் பெட்டி எதுவும் இல்லாத வெறும் வட்டு. ஒரு வட்டு சுமார் 16 கிராம். உறைகளைச் சேர்த்தாலும் 28 கிராமைத் தாண்டாது. அமெரிக்கத் தபால் துறையின் கணக்கில் அது ஓர் அவுன்ஸுக்கு உட்பட்ட சாதாரணக் கடிதம். அந்த ஆண்டில் அப்படி ஒரு கடிதத்துக்கு 37 சென்ட் தபால் தலை போதும்.

வீடியோ கேசட்டை இப்படி அனுப்பிப் பாருங்கள். செங்கல் போல இருக்கும், பார்சல் கட்டணம் கேட்பார்கள். 1997இல் நெட்ஃபிளிக்ஸின் நிறுவனர்கள் ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் தபாலில் வாடகைப் படம் என்ற யோசனையைத் தூசி தட்டி எடுத்தபோது, டிவிடி அப்போதுதான் அமெரிக்கச் சந்தைக்கு வந்திருந்தது. கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் இருந்த ஹேஸ்டிங்ஸின் வீட்டுக்கு உறையில் ஒரு இசைக் குறுந்தகட்டைப் போட்டுத் தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள். உடையாமல் போய்ச் சேர்ந்தது. 1998 ஏப்ரல் 14 அன்று 925 தலைப்புகளுடன் இணையக் கடை திறந்தது. சட்டமும் தோதாக இருந்தது: அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து வாங்கிய வட்டை வாடகைக்கு விடத் தயாரிப்பாளரின் அனுமதி தேவையில்லை. (இந்தியச் சட்டத்தின் 14ஆம் பிரிவு நேர்மாறு, வாடகைக்கு விடும் உரிமையையும் படத்தின் உரிமையாளரிடமே வைத்திருக்கிறது.)

கேசட்டால் முடியாத பயணம் டிவிடிக்கு எப்படி முடிந்தது என்பதற்கு அதன் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். விட்டம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். ஆனால் அது ஒற்றைத் தகடு அல்ல. 0.6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடுகள் இரண்டைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். படம் இருப்பது இரண்டுக்கும் நடுவில். பழைய குறுந்தகட்டில் தகவல் அடுக்கு அச்சுப் பக்கத்தை ஒட்டி, மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே இருந்தது. பேனாவால் அழுத்தி எழுதினாலே போய்விடும். டிவிடியில் இரு பக்கமும் கவசம்.

நடுவில் இருப்பது சிறு குழிகள் வரிசையாகப் பதிந்த, சுருள் வடிவத்தில் ஒரே பாதை. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளி, மிகச் சிறிய குழி 0.4 மைக்ரோமீட்டர் நீளம். ஓர் அடுக்கின் பாதையை நேராக நீட்டினால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வரும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் அதன்மேல் ஓடும்போது, குழியிலிருந்தும் சுற்றியுள்ள தளத்திலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்கிறது. குழியின் ஆழம் பிளாஸ்டிக்குக்குள் ஒளியின் அலைநீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு என்பதால் இது நடக்கிறது. வெளிச்சம் மாறும் இடம் ஒவ்வொன்றும் 1, மாறாத இடம் 0.

கைரேகை பட்டாலும் படம் ஓடுவதன் ரகசியம் லென்ஸில் இருக்கிறது. லேசர் வட்டின் மேற்பரப்பில் நுழையும்போது அதன் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். உள்ளே 0.6 மில்லிமீட்டர் பயணம் செய்து தகவல் அடுக்கை எட்டும்போது அரை மைக்ரோமீட்டர் அளவுக்குக் குவிந்துவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு. மேற்பரப்பில் இருக்கும் தூசியை லேசர் குவியத்தில் பார்ப்பதே இல்லை. மூக்குக் கண்ணாடியில் ஒட்டிய தூசி, நீங்கள் படிக்கும் எழுத்தை மறைக்காதது போலத்தான்.

கீறல் பெரிதானால் கணிதம் கைகொடுக்கிறது. 1960இல் இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் இருவரும் வெளியிட்ட பிழைதிருத்த முறைதான் டிவிடியின் முதுகெலும்பு. தகவலை 32 கிலோபைட் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 192 வரிசை, 172 பத்தி கொண்ட கட்டமாக அடுக்குகிறார்கள். பின் ஒவ்வொரு வரிசைக்கும் 10 பைட், ஒவ்வொரு பத்திக்கும் 16 பைட் சரிபார்ப்புத் தகவல் சேர்க்கிறார்கள். குறுக்கெழுத்துப் புதிர் போல, இடமிருந்து வலம் தொலைந்ததை மேலிருந்து கீழ் மீட்டுவிடலாம். ஒரே கட்டத்தில் 16 வரிசைகள் முழுதாக அழிந்தாலும் மீளும். அது பாதையில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் மயிரிழை அகலத்துக்கே வெட்டும், ஆகவே பெரும்பாலும் தெரியாது. பாதையோடு வளைந்து போகும் கீறல், நீளம் 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் வினைதான். வட்டை எப்போதும் மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைக்கச் சொல்வது இதற்காகத்தான். வட்டமாகத் துடைத்து நாமே கீறல் போட்டால் அது மோசமான திசையில் விழும்.

தபால் வழியில் கீறலைவிட ஆபத்தானது வளைவு. அமெரிக்கத் தபால் நிலையங்களின் பிரிப்பு இயந்திரம் மணிக்கு 30,000க்கும் மேற்பட்ட கடிதங்களை ரப்பர் பட்டைகளுக்கு இடையே பிடித்து, உருளைகளைச் சுற்றி வளைத்து ஓட்டுகிறது. காகிதம் வளையும், பாலிகார்பனேட்டும் கொஞ்சம் வளையும். ஆனால் 15 மில்லிமீட்டர் நடுத்துளையின் ஓரத்தில் அழுத்தம் குவிந்து, அங்கிருந்து முடி போன்ற விரிசல் கிளம்பும். வட்டு படிக்கப்படுவது உள்ளிருந்து வெளியே. அட்டவணையும் தொடக்கத் தகவலும் இருப்பது நடுத்துளைக்கு அருகில். அதனால் இந்த விரிசல் ஒன்றரை சென்டிமீட்டர் முன்னேறினாலே வட்டு ‘டிஸ்க் எரர்’ சொல்லி நின்றுவிடும், மீதி முழுவதும் பளிச்சென்று இருந்தாலும். விரிசல் விட்ட வட்டைக் கணினியில் மட்டும் போடாதீர்கள். டிவிடி பிளேயர் உள்ளே 1,400, வெளியே 575 என்ற அளவில்தான் நிமிடத்துக்குச் சுற்றுகிறது. 16 மடங்கு வேகக் கணினி டிரைவ் 9,000 சுற்றைத் தாண்டும். வட்டு உள்ளேயே சிதறலாம்.

திரும்பி வரும் உறைதான் தபால்காரர்களுக்குத் தலைவலியாக இருந்தது. போகும்போது இயந்திரம் மடித்த விறைப்பான உறை. வரும்போது வாடிக்கையாளர் கிழித்து, மடித்து, ஒட்டிய தொளதொள உறை. அதன் முன்விளிம்பு தளர்ந்து இயந்திரத்தில் சிக்கியது. இத்தகைய இருவழி டிவிடி உறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் கையால் பிரிக்கப்படுவதாகவோ இயந்திரத்தில் சேதமாவதாகவோ 2007இல் தபால் துறையின் தணிக்கைப் பிரிவு அறிக்கை கொடுத்தது. ‘இயந்திரம் பிரிக்கும் கடிதம்’ என்ற கட்டணத்தில் போன கடிதத்தை மனிதக் கை பிரித்துக்கொண்டிருந்தது.

நெட்ஃபிளிக்ஸ் கிடங்கில் விடியுமுன் வேலை தொடங்கியது. உறையைப் பிரித்து, தலைப்பும் வட்டும் பொருந்துகிறதா, விரிசல் உண்டா என்று பார்த்து, பார்கோடைக் காட்டினால், வாடிக்கையாளர் வரிசைப் பட்டியலில் அடுத்து இருக்கும் படம் அன்றே கிளம்பியது. திங்களன்று தபாலில் போட்டால் செவ்வாயன்று கிடங்கு, புதனன்று அடுத்த படம் வாசலில். ஒரே நேரத்தில் எத்தனை வட்டு வைத்துக்கொள்ளலாம் என்பதே சந்தாவின் அளவுகோலாக இருந்தது. தாமதக் கட்டணம் இல்லாததால் மெதுவாகப் பார்ப்பவர் நிறுவனத்துக்கு லாபம், வேகமாகத் திருப்புபவர் நஷ்டம். 2004இல் ஒரு வாடிக்கையாளர் வழக்கு தொடர்ந்த பிறகு, குறைவாக எடுப்பவர்களுக்குப் புதுப் படங்களில் முன்னுரிமை தரப்படுவதை நெட்ஃபிளிக்ஸ் தன் விதிமுறைகளிலேயே எழுதியது. சூப்பர் ஹீரோ ரசிகர்களுக்கு இன்னொரு இடி 2010 ஜனவரியில்: வார்னர் நிறுவனத்தின் புதிய டிவிடிகளைக் கடைகளில் வந்து 28 நாள் கழித்தே வாடகைக்கு விடுவதாக ஒப்பந்தம். பேட்மேனும் சூப்பர்மேனும் வார்னர் வீட்டுப் பிள்ளைகள். திரையரங்கைத் தொடாமல் நேரடியாக டிவிடியில் வரும் அவர்களின் அனிமேஷன் வரிசை 2007இலேயே தொடங்கியிருந்தது.

இனி படத்துக்கு வருவோம். அமெரிக்க டிவிடியின் ஒரு ஃபிரேம் 720க்கு 480 புள்ளிகள். சுருக்காமல் நொடிக்கு 24 ஃபிரேம் வைத்தால் நொடிக்குச் சுமார் 100 மெகாபிட். 115 நிமிடத்துக்கு 85 கிகாபைட்டுக்கு மேல். இரட்டை அடுக்கு வட்டு கொள்வதோ 8.5 கிகாபைட். எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்கும் முறை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக்கி உள்ளே திணிக்கிறது. அரை நொடிக்கு ஒருமுறை முழு ஃபிரேம் ஒன்றைச் சேமித்து, இடையில் வருபவற்றுக்கு ‘போன ஃபிரேமிலிருந்து இந்தத் துண்டு இவ்வளவு நகர்ந்தது’ என்ற குறிப்பை மட்டும் வைக்கிறது. வட்டில் மீட்க முடியாத கீறல் வந்தால் திரையில் சதுரம் சதுரமாகக் கலைந்து, கொஞ்ச நேரத்தில் தானே சரியாவது இதனால்தான்: அடுத்த முழு ஃபிரேம் வந்து காப்பாற்றுகிறது.

கார்ட்டூன்தானே, எளிதாகச் சுருங்கும் என்று தோன்றும். ஒரே நிறப் பரப்புகள் சுருங்கும், உண்மை. ஆனால் எம்பெக் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக்கி மென்மையான அலைகளின் கூட்டாக எழுதுகிறது. வெள்ளைப் பின்னணியில் கூரான கறுப்புக் கோடு அந்த மொழிக்கு ஒத்துவராத சொல். பிட் போதாதபோது கோட்டைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலத் துடிப்பு தெரியும். பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயரே ‘கொசு இரைச்சல்’தான்.

சிவப்பு இன்னும் மோசம். வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தை 360க்கு 240 அளவிலும் மட்டுமே டிவிடி சேமிக்கிறது. மனிதக் கண் நிறத்தின் கூர்மையை அவ்வளவாகக் கவனிக்காது என்ற நம்பிக்கை. புல்வெளிக்கும் முகத்துக்கும் அது செல்லும். நீலத்தின்மேல் அடர்சிவப்பு உடுத்திய வீரனிடம் செல்லாது. உடையின் ஓரம் கசியும். அதோடு மஞ்சள் நிற ஒற்றை வீடியோ ஒயரில் இணைத்திருந்தால், நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து, விளிம்பில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் நகரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முனையுள்ள காம்பொனென்ட் ஒயருக்கோ எச்டிஎம்ஐக்கோ மாற்றினால் அந்த எறும்புகள் போய்விடும். கசிவு வட்டிலேயே இருப்பதால் அது போகாது.

இரவு வானம் மற்றொரு சோதனை. தொண்ணூறுகளின் பேட்மேன் அனிமேஷன் தொடருக்குப் பின்னணிகளைக் கறுப்புத் தாளின்மேல் வரைந்தார்கள். அப்படிப்பட்ட இருட்டு மெல்ல வெளுக்கும் இடத்தில், டிவிடியின் 8 பிட் வெளிச்ச அளவீட்டில் பயன்படுவது இருபது முப்பது படிகள்தான். வானம் படிக்கட்டாகத் தெரியும். ஃபிலிமில் எடுத்த படத்தில் மணல் போன்ற இரைச்சல் இந்தப் படிகளை மறைக்கும். கணினி அனிமேஷன் சுத்தமாக இருப்பதே அதற்குக் குறை.

2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’ டிவிடியின் எல்லை எங்கே என்று காட்டிவிடுகிறது. பழைய காமிக்ஸ் அச்சைப் போல நிழல்களைச் சிறு புள்ளிகளால் நிரப்பியிருக்கிறார்கள். படத்தின் விகிதம் 2.39க்கு 1. மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, 480 வரிகளில் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 357. புள்ளி வரியைவிடச் சிறிதானால் மறையும், கொஞ்சம் பெரிதானால் கட்டம் கட்டமாக நெளியும். இந்த ஒரு படத்துக்கு, அதிகத் துல்லியம் கொண்ட ப்ளூ-ரே வட்டுதான் நியாயம்.

இதே படத்தின் நாயகன் மைல்ஸ் பல காட்சிகளில் நொடிக்கு 12 நிலைகளில் மட்டுமே அசைகிறான். ஒவ்வொரு நிலையும் இரண்டு ஃபிரேம் நிற்கும். வேண்டுமென்றே செய்தது. டிவியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ போன்ற பெயரில் இருக்கும் வசதி அந்த இடைவெளியில் இல்லாத ஃபிரேம்களை இட்டுக்கட்டி, அசைவைக் குழைத்துவிடும். முதலில் அதை அணையுங்கள். அடுத்து ‘ஷார்ப்னெஸ்’ஸைக் குறையுங்கள், கோடுகளைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் போடுவது அதுதான். பிளேயரின் மெனுவில் டிவி வகை 16:9 என்று இருக்கிறதா பாருங்கள். 4:3 என்றிருந்தால், மேலே சொன்ன 357 வரிகளிலும் கால் பங்கு காணாமல் போகும்.

இரண்டு கோளாறுகள் கோளாறே அல்ல. படத்தின் நடுவில் ஒருமுறை அரை நொடி நின்று தொடர்ந்தால், லேசர் முதல் அடுக்கை முடித்து இரண்டாம் அடுக்குக்குக் குவியம் மாற்றுகிறது என்று அர்த்தம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய வட்டு சென்னையிலோ கொழும்பிலோ ஓடவில்லையென்றால், அட்டையிலுள்ள உருண்டையில் 1 என்று இருக்கும். வட்டு எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்லும் மண்டல எண் அது. இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3.

உண்மையாகவே திக்கினால், எந்த நேரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றை அடுக்கு வட்டில் தொடக்கக் கோளாறு மையத்தருகே, முடிவுக் கோளாறு விளிம்பருகே. இரட்டை அடுக்கில் லேசர் வெளியே போய்த் திரும்பி உள்ளே வருவதால், படத்தின் நடுவில் திக்கினால் வெளிவிளிம்பைத் துடைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். அசிட்டோனும் தின்னரும் பாலிகார்பனேட்டைப் பால் போல வெளுக்க வைத்துவிடும். பற்பசையைத் தேய்ப்பது உண்மையில் நுண்ணிய உப்புத்தாள் போடுவது. ஆழமற்ற கீறலுக்குச் சில நேரம் பலிக்கும், கடன் வாங்கிய வட்டில் பரிசோதிக்க வேண்டாம். குளிர்காலத்தில் தபால் பெட்டியில் உறைந்துகிடந்த வட்டை வீட்டுச் சூட்டுக்குக் கொண்டுவந்தவுடன் அதன்மேல் ஈரம் படியும். அரை மணி நேரம் உறையிலேயே வைத்துவிட்டுப் போடுங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் கடைசி உறையை 2023 செப்டம்பர் 29 அன்று அனுப்பியது. அதுவரை 500 கோடிக்கும் மேற்பட்ட வட்டுகள் போயிருந்தன. கடைசியாக வந்தவற்றைத் திருப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வைத்துக்கொண்டவர்கள் அவற்றை நிமிர்த்தி நிற்க வைத்திருந்தால் நல்லது. படுக்க வைத்து அடுக்கினால் வட்டு வளையும், இரண்டு தகடுகளையும் பிடித்திருக்கும் பசை வெயிலில் விட்டுக்கொடுக்கும்.