ஹாம் ரேடியோவுக்கு சோலார் பேட்டரி: முதலில் வோல்ட், ஏ.எச். அப்புறம்

தர்மபுரியில் சோலார், இன்வெர்ட்டர் பேட்டரி வேலை பார்க்கிறேன். வீட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இப்போது ஹாம் (சொந்தமாக வயர்லெஸ் செட் வைத்துப் பேசும் அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்த காலேஜ் பையன்களும், ரிட்டயர் ஆன சார்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். யார் வந்தாலும் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, 100 வாட் செட் இருக்கு, சோலார்ல ஓட்டணும், எத்தனை ஏ.எச். போடலாம்?"

ஏ.எச். என்பது ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு. நான் திருப்பிக் கேட்பது, "செட்டோட மேனுவல்ல எத்தனை வோல்ட்னு போட்டிருக்கு?"

பெரும்பாலான 100 வாட் எச்.எஃப். (தூரத்துக்குப் பேசும் சிற்றலை) செட்களில் 13.8 வோல்ட், கூடக்குறைய 15 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதாவது 11.7 முதல் 15.8 வரை. சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஆம்ப் சுற்றிப் போகிற செட், பி.டி.டி.யை, அதாவது மைக்கில் இருக்கும் பேசும் பட்டனை, அழுத்திப் பேசினால் 20 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். அந்த நேரத்தில் செட்டின் பின்பக்கம் வந்து சேரும் வோல்ட் 11.7-க்குக் கீழே போகக்கூடாது. பேட்டரி தேர்வு மொத்தமும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

லெட் ஆசிட் பேட்டரியின் லேபிளில் இருக்கும் ஏ.எச். எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. மெதுவாக, 20 மணி நேரம் இழுத்து, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எண்ணிய கணக்கு அது. சோலாருக்கென்று வரும் டியூபுலரில் (குழாய் வடிவத் தகடு போட்ட, தண்ணீர் ஊற்றும் பெரிய பேட்டரி) 10 மணி நேரக் கணக்கு. 42 ஏ.எச். எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய) பேட்டரி என்றால் 2.1 ஆம்ப்ஸ் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். அதிலேயே 20 ஆம்ப்ஸ் இழுத்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பெரிது. நமக்கு அதுவும் கிடைக்காது, ஏனென்றால் 10.5-க்கு இறங்கும் முன்பே, 11.7-லேயே செட் படுத்துவிடும். ஓய்வில் 12.5 காட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும் பேட்டரி, பி.டி.டி.யை அழுத்தியதும் சரிந்து விழும். "ஓல்ட் மேன் (ஹாம்கள் ஒருவரையொருவர் அழைப்பது இப்படித்தான்), உங்க ஆடியோ உடையுது" என்று எதிர்முனைக்காரர் சொல்லும்போது பலர் மைக்கைச் சந்தேகப்படுகிறார்கள். ஒரு மல்டிமீட்டரை செட்டின் பவர் சாக்கெட்டில் வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

பழைய கார் பேட்டரி சும்மா கிடக்கிறது, அதைப் போடலாமா என்பார்கள். வேண்டாம். வண்டி ஸ்டார்ட் ஆவதற்குச் சில நொடிகள் நூற்றுக்கணக்கில் ஆம்ப்ஸ் தள்ளுவதற்காக மெல்லிய தகடு போட்டுச் செய்தது. பாதிக்குக் கீழே நாலைந்து தடவை இறக்கினாலே படுக்க ஆரம்பிக்கும்.

வீட்டில் ஏற்கெனவே 150 ஏ.எச். டியூபுலர் இருந்தால் கதை வேறு. 20 ஆம்ப்ஸ் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, ஆசிட் வாடை, தண்ணீர் ஊற்றும் வேலை, இவ்வளவும் சம்மதம் என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பாதிக்குக் கீழே இறக்காமல் ஓட்டுங்கள். ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் ஜன்னல் இல்லாத அறையில் வைக்காதீர்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். போர் தண்ணீரை டியூபுலரில் ஊற்றாதீர்கள். ஃபுளோரைடுக்கும் உப்புக்கும் பேர்போன தண்ணீர் இது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. ஆர்.ஓ. தண்ணீரும் சரிப்படாது, அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் கேனுக்குக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. வெயில் இன்னொரு எதிரி. லெட் ஆசிட்டுக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். பேனலுக்குப் பக்கம் என்று மொட்டை மாடியில் தகரப் பெட்டிக்குள் வைத்தால், சித்திரை வெயிலில் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று பாருங்கள். ஓசூர், தளி பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், கடையில் எல்.எஃப்.பி. என்று கேளுங்கள். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு செல் சேர்ந்து 12.8. முழு சார்ஜ் 14.4 முதல் 14.6. இரண்டு முனையும் செட்டின் வரம்புக்குள் அடங்குகிறது. பெரும்பகுதி நேரம் 13-ஐ ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில்தான் சட்டென்று விழும்.

ஏமாறுகிற இடமும் இதுதான். "12 வோல்ட் லித்தியம்" என்று குறைந்த விலைக்கு வரும் பல பேக்குகளில் இருப்பது வேறு வகை செல், ஒவ்வொன்றும் 3.7 வோல்ட். மூன்று போட்டால் முழு சார்ஜில் 12.6, பாதி தீர்வதற்குள் 11.1 பக்கம் வந்துவிடும். சரி, நான்கு போடலாம் என்றால் முழு சார்ஜில் 16.8. உங்கள் செட்டின் மேல் வரம்பு 15.8. இரண்டுமே நமக்கு ஆகாது. சூட்டில் தீப்பிடிக்கும் ஆபத்தும் அந்த வகையில் கூடுதல். லேபிளில் 12.8 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். போர்டு (செல்களைக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு) தொடர்ந்து எத்தனை ஆம்ப்ஸ் விடும் என்பதையும் கேளுங்கள். "பீக் 40" என்பதில் மயங்க வேண்டாம். தொடர்ந்து 30 தராத பேட்டரியை 100 வாட் செட்டுக்கு எடுக்காதீர்கள். இல்லையென்றால் பேச்சு நடுவிலேயே பட்டென்று அணைந்துவிடும்.

வண்டியிலிருந்து கழற்றிய பழைய செல்லுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் நடக்கிறது. சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். முழு சார்ஜ் ஏற்றி, 55 வாட் கார் ஹெட்லைட் ஹாலஜன் பல்பை மாட்டி விடுங்கள். நாலரை ஆம்ப்ஸ் வாக்கில் இழுக்கும். 30 ஏ.எச். பேட்டரி ஆறு மணி நேரமாவது எரிய வேண்டும். மூன்றரை மணியில் அணைந்தால் பில்லோடு கடைக்குப் போங்கள். பல்பு கொதிக்கும், துணி மேல் வைக்காதீர்கள்.

இப்போது ஏ.எச்.சுக்கு வரலாம். சாயங்காலம் இரண்டு மணி நேரம் எஸ்.எஸ்.பி.யில் (குரலில் பேசும் முறை) உட்காருகிறீர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு நீங்கள் பேசுகிறீர்கள் என்றால், குரல் ஏறி இறங்குவதால் சராசரி 9 ஆம்ப்ஸ் வரும். மொத்தம் 7, 8 ஏ.எச். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் வெயிலே தலைகாட்டாது என்று வைத்தால் 24. எல்.எஃப்.பி.யில் 30 ஏ.எச். போதும். லெட் ஆசிட்டில் பாதிதான் பயன் என்பதால் கணக்குக்கு 50, வோல்ட் சரியாமல் இருக்க 100. பேனல் 100 வாட் போதுமானது. எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழியே சிறு செய்தி அனுப்பும் முறை) ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அதில் 15 விநாடிச் சுற்று ஒன்றில் முழு பவரில் அனுப்பி, அடுத்த சுற்றில் கேட்பதால் சராசரி எகிறிவிடும். வத்தல்மலை உச்சிக்கு 5 வாட் செட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு 10 ஏ.எச். எல்.எஃப்.பி. பையில் இருந்தால் ஒரு பகல் தாராளம்.

நல்ல பேட்டரி வாங்கிவிட்டு ஒயரில் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. ஐந்து மீட்டர் தள்ளி பேட்டரி, 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் என்றால், போக வர பத்து மீட்டரில் 20 ஆம்ப்ஸுக்கு ஒன்றரை வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 13 வோல்ட் கிளம்பி 11.5 வந்து சேரும். அதே தூரத்துக்கு 10 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 0.4 வோல்ட்கூட இழக்காது. பேட்டரியை மேஜைக்கு அடியில் கொண்டுவருவது இன்னும் மலிவு. ஃபியூஸ் பேட்டரி முனையை ஒட்டியே இருக்க வேண்டும், செட் பக்கம் மட்டும் போட்டால் நடுவில் ஒயர் உரசினால் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வரும் சார்ஜ் கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட முனையில் செட்டை மாட்டாதீர்கள். பெரும்பாலும் 10, 20 ஆம்ப்ஸ்தான் அதன் வரம்பு. மலிவு கன்ட்ரோலர்கள் பலவும் நெகட்டிவ் பக்கத்தைத்தான் வெட்டி இணைக்கும். ரேடியோவின் நெகட்டிவோ பாடியோடும் ஆன்டெனா எர்த்தோடும் ஒட்டியிருப்பது. இரண்டும் சேர்ந்தால் கன்ட்ரோலருக்குக் கட்டுப்படாமல் கரன்ட் வேறு வழியில் ஓடும். ஃபியூஸ் வழியாக நேராக பேட்டரிக்குப் போங்கள். எல்.எஃப்.பி. என்றால் கன்ட்ரோலர் செட்டிங்கையும் மாற்ற வேண்டும், லெட் ஆசிட்டுக்கான ஜெல் என்றோ ஃப்ளடட் என்றோ விட்டுவிடக்கூடாது.

எம்.பி.பி.டி. (பேனலிலிருந்து முடிந்தவரை அதிக பவரை எடுக்கும் வகை) கன்ட்ரோலர் கொஞ்சம் கூடுதல் சார்ஜ் தரும், ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் சீறல் சத்தமும் சேர்ந்து வரலாம். பேனல் ஒயர் இரண்டையும் முறுக்கி விடுவது, ஃபெரைட் கிளிப் மாட்டுவது, ஆன்டெனாவைத் தள்ளிக் கட்டுவது எல்லாம் ஓரளவு உதவும். தீரவில்லை என்றால் பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் ஒரு டி.சி. பிரேக்கர் வைத்து, பகலில் பேண்டைக் கேட்கும் நேரம் மட்டும் அணைத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்ற வேண்டி வந்தாலும் அந்த பிரேக்கரை அணைத்த பிறகே கழற்றுங்கள். பேனல் வெயிலில் இருக்கும்போது பேட்டரியை முதலில் எடுத்தால் கன்ட்ரோலர் அடி வாங்கும்.