கிட்-ஷெல் போட்டாச்சு, ஆனால் கதவு சாத்தியிருக்கிறதா?

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன நிறுவனத்தின் கிட் (நிரல்களையும் அவற்றின் மாற்றங்களையும் சேமித்துவைக்கும் மென்பொருள்) சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. கோடு எழுதுபவர்கள் இருபது பேருக்குள்தான். 'கிட்' என்று ஒரே ஒரு பயனர் கணக்கு. பாஸ்வேர்டுக்குப் பதில் ஆளை அடையாளம் காட்டும் எல்லோருடைய பொதுச் சாவியும், உள்ளே விட வேண்டியவர்களின் பட்டியலான அதன் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பில். திறந்து எண்ணினால் 43 வரிகள். வேலையை விட்டுப் போனவர்கள், மூன்று மாதம் மட்டும் வந்துபோன ஒப்பந்தக்காரர்கள், யாருடையது என்றே தெரியாத சில லேப்டாப்புகள்.

"அதனால ஒண்ணும் இல்ல சார், ஷெல்லை கிட்-ஷெல்லா மாத்தி வச்சிருக்கோம். யாரும் லாகின் பண்ண முடியாது" என்றார் அங்கிருந்த தம்பி. கிட்-ஷெல் என்பது கிட் வேலைகளை மட்டும் செய்யவிடும் ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். அவர் சொன்னது பாதி சரி. நேராக லாகின் செய்து பார்த்தால், ஊடாட்ட ஷெல்லுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி கிட்-ஷெல் வெளியே அனுப்பிவிடும்.

மீதிப் பாதியைக் காட்ட, உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, என் வீட்டு இணைப்பிலிருந்து ஒரு பழைய சாவியை வைத்து முயன்றேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கட்டளையோடு -என் (-N), -எல் (-L) என்ற இரண்டு ஆப்ஷன்கள். என் லேப்டாப்பின் ஒரு போர்ட்டை அவர்களுடைய டேட்டாபேஸ் சர்வரின் 5432-ஆம் போர்ட்டோடு இணைக்கச் சொன்னேன். எந்த மறுப்பும் வரவில்லை. அடுத்த டெர்மினலில் அவர்களுடைய டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் என்னிடம் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தது. ஃபயர்வாலுக்கு அது வெளியாள் இல்லை. கிட் சர்வரிலிருந்து வரும் இணைப்பு, அவ்வளவுதான்.

காரணம் இதுதான். யாராவது ஷெல் கேட்டாலோ கட்டளை அனுப்பினாலோ மட்டுமே கிட்-ஷெல் இயங்கும். இப்படி ஒரு போர்ட்டை இன்னொன்றோடு இணைக்கும் போர்ட் ஃபார்வர்டிங்கை எஸ்எஸ்எச் சர்வரே பார்த்துக்கொள்கிறது. -என் கொடுத்துவிட்டால் ஷெல் கூப்பிடப்படுவதே இல்லை. இது தெரியாமல் நிம்மதியாக இருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மருந்து சின்னதுதான். கோப்பில் ஒவ்வொரு சாவிக்கும் முன்னால் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற ஒரு சொல். 2016-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் (பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருள்) 7.2 முதல் இது உண்டு. போர்ட், ஏஜென்ட், எக்ஸ்11 ஃபார்வர்டிங், டெர்மினல் ஒதுக்கீடு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடும். ஒவ்வொரு வரியிலும் மறக்காமல் போடுவது கடினம் என்றால், சர்வரின் கட்டமைப்புக் கோப்பில் 'மேட்ச் யூசர் கிட்' பகுதி எழுதி அங்கேயே தடுத்துவிடலாம். நான் இரண்டையும் செய்வேன். டெர்மினலை எதற்கு நிறுத்த வேண்டும் என்று அலட்சியமாக விடாதீர்கள்: 2017-இல் கிட்-ஷெல்லிலேயே ஓட்டை ஒன்று வெளிவந்தது. ரெப்போ (கிட் களஞ்சியம்) பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உதவி கேட்கும் ஆப்ஷனைக் கொடுத்தால் உதவிப் பக்கம், பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' நிரலில் திறக்கும். அதற்குள்ளிருந்து வேறு கட்டளைகளை ஓட்ட முடிந்தது. டெர்மினல் தராத இடங்களில் அந்த வித்தை பலிக்கவில்லை.

அப்புறம், எஸ்எஸ்எச் மட்டுமே வாசல் என்று நினைக்கக் கூடாது. 2021 மார்ச் 28 அன்று பிஎச்பி மொழியின் மூலக் கோடுக்குள், அதை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப், அதன் முக்கிய நிரலாளர் நிகிதா போபோவ் பெயர்களில் பின்கதவு வைத்த கமிட்டுகள் (கோடு மாற்றங்கள்) நுழைந்தன. முதலாவது எழுத்துப்பிழைத் திருத்தம் போல வந்தது. அங்கே எஸ்எஸ்எச் பக்கம், யார் எந்த ரெப்போவைத் தொடலாம் என்று பார்க்கும் கிட்டோலைட் காவல் இருந்தது. அவை வந்ததோ பாஸ்வேர்டு கேட்கும் எச்டிடிபிஎஸ் வழியாக. அப்படி ஒரு வழி இருப்பதே போபோவுக்குத் தெரிந்திருக்கவில்லை. நல்லவேளை, சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கினார்கள்.

அந்த 43 வரிகளை ஆள் ஆளாகக் கேட்டுச் சரிபார்த்தோம், மிஞ்சியது 18. உங்கள் சர்வரிலும் அந்த -என், -எல் சோதனையைச் செய்து பாருங்கள். கட்டளை வழக்கம்போல அமைதியாகத்தான் நிற்கும். டேட்டாபேஸைத் தொட முயலும் நொடியில் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி புரொஹிபிட்டட்' என்ற வரி வர வேண்டும். அது வராமல் பாஸ்வேர்டு கேட்டால், இன்றைக்கே அந்தக் கோப்பைத் திறந்து உட்காருங்கள்.