விண்டோ: காற்றின் கண்

ஜன்னலைக் குறிக்கும் 'விண்டோ' ஆங்கிலத்தில் பிறந்த சொல் அல்ல. வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து போனது. அங்கே அது 'விண்டௌகா': காற்று என்ற சொல்லும் கண் என்ற சொல்லும் சேர்ந்தது. அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் இருந்த சொல்லுக்கும் 'கண்துளை' என்றுதான் பொருள்.

சரி, கண்ணாடி போட்ட ஜன்னலில் காற்றுக்கு என்ன வேலை? இங்கிலாந்தின் பழைய மரச்சட்டப் பண்ணை வீடுகளைப் பார்த்தால் புரியும். சசெக்ஸில் சிங்கிள்டன் கிராமத்துத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 'பேலீஃப்' என்று ஒரு வீடு நிற்கிறது. 1400களின் தொடக்கத்தில் கென்ட்டில் கட்டியது. அங்கே நீர்த்தேக்கம் வந்ததால், 1960களின் கடைசியில் சட்டம் சட்டமாகக் கழற்றி எடுத்து வந்து மறுபடி கோத்தார்கள். ஓக் மரத்தில் துளையிட்டு மரமுளை அடித்த வீடு என்பதால் அப்படிக் கழற்ற முடிந்தது.

கூடத்தின் நடுவே தரையிலேயே அடுப்பு, புகைபோக்கி கிடையாது. ஜன்னலில் கண்ணாடியும் கிடையாது. திறப்பில் சதுர மரக்கம்பிகள் வரிசையாக நிற்கும், அதுவும் முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்திருப்பார்கள். ஆள் நுழைய முடியாது. வெளிச்சமும் காற்றும் நுழையும். குளிருக்கு உள்பக்கம் மரப்பலகையால் மூடிக்கொள்வார்கள். இந்த மாதிரி வீடுகளில் பிற்காலத்தில் ஜன்னலை அடைத்துவிட்டாலும், உத்தரத்தின் அடியில் அந்தக் கம்பிகள் செருகிய சாய்சதுரக் குழிகள் வரிசையாக மிஞ்சியிருக்கும். இங்கே ஒரு காலத்தில் காற்று வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி தமிழுக்கு வருவோம். 'ஜன்னல்' போர்த்துகீசிய 'ஜனெலா'. அதன் லத்தீன் வேருக்குக் கதவு என்று பொருள். காற்றும் இல்லை, கண்ணும் இல்லை. நம்மிடம் 'காலதர்' இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரைச் சொல்லும்போது 'மான்கட் காலதர் மாளிகை' என்கிறது, மானின் கண் போன்ற காற்றுவழிகள் உள்ள மாளிகை. நார்ஸுக்கும் தமிழுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் சுவரில் ஒரு துளை போட்டுவிட்டு, காற்றையும் கண்ணையும்தான் நினைத்திருக்கிறார்கள். எனக்கு இது இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

'பலகணி'யும் நல்ல சொல்தான். பல கண்கள் உள்ளது என்பார்கள், குறுக்கும் நெடுக்குமான பின்னலுக்குப் பொருந்தும். பேலீஃப் போன்ற வீட்டின் கண்ணாடியில்லாத திறப்பை எழுதும்போது நான் காலதர் என்றே எழுதுவேன். பண்ணை வீடுகளுக்குக் கண்ணாடி வந்த பிறகான காலத்துக்கு ஜன்னலே போதும்.