ஒரே நாளில் ஏன் முடிப்பதில்லை? கதிர்வீச்சு சிகிச்சை வேலை செய்யும் விதம்

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை என்று முடிவானதும் மருத்துவர் ஒரு கணக்குச் சொல்வார். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் வர வேண்டும், மொத்தம் 35 முறை, ஏழு வாரம். ஒவ்வொரு முறையும் கதிர் பாய்வது என்னவோ சில நிமிடங்கள்தான். கேட்டவுடன் யாருக்கும் தோன்றும் கேள்வி இது: அவ்வளவு சக்தியுள்ள கதிர் என்றால் மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்து முடித்துவிடக் கூடாதா? நியாயமான கேள்விதான். இதற்கான பதில் தெரிந்துவிட்டால் இந்தச் சிகிச்சையே பெரும்பாலும் புரிந்துவிடும். புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இது தேவைப்படுகிறது என்பதால், தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

இந்தக் கதிர் கட்டியைச் சுட்டுப் பொசுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதில் சூடே கிடையாது என்று சொல்லிவிடலாம். கதிரின் அளவை 'கிரே' என்ற அலகால் சொல்வார்கள். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் அது 1 கிரே. ஒரு மனிதரின் உடல் முழுக்க ஒரே நேரத்தில் 4 கிரே பட்டு, மருத்துவ உதவியும் கிடைக்காமல் போனால், உயிர் பிழைப்பதற்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. ஆனால் அந்த 4 கிரே உடலின் வெப்பத்தை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கூட்டும். ஒரு வாய் வெந்நீர் குடித்தால் அதைவிட அதிக வெப்பம் உள்ளே போகும். இவ்வளவு சிறிய ஆற்றல் உயிரைப் பறிக்கிறது என்றால், அது போய் விழுகிற இடம் அப்படி.

அந்த இடம் செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ. இந்தச் சிகிச்சையில் பெரும்பாலும் பயன்படும் எக்ஸ் கதிர் திசுவுக்குள் நுழையும்போது அங்குள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அப்படித் தெறித்து ஓடும் எலக்ட்ரான்கள் சில சமயம் நேராகப் போய் டிஎன்ஏவை அறுக்கும். அதைவிட அதிகமாக நடப்பது, வழியில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகள் உடைவது. செல்லில் பெரும்பகுதி தண்ணீர்தானே. தண்ணீர் உடைந்ததில் பிறக்கும் ஹைட்ராக்சில் என்ற துண்டு, கண நேரமே இருந்தாலும், பக்கத்தில் டிஎன்ஏ இருந்தால் அதைச் சிதைத்துவிடும். 1 கிரே பட்ட ஒரு செல்லில் டிஎன்ஏவின் ஏதாவது ஒரு இழை சுமார் ஆயிரம் இடங்களில் அறுகிறது. இதைச் செல் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எதிரே இருக்கும் இழையை வைத்து அறுந்ததைச் சரிசெய்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு இழைகளும் அறுந்தால்தான் ஆபத்து. அப்படிப்பட்ட வெட்டுகள் சில பத்துகள் மட்டுமே விழுகின்றன. கட்டியைக் கொல்வது அந்தச் சில பத்து வெட்டுகள்தான்.

கொல்வதும் உடனே நடப்பதில்லை. காயம்பட்ட புற்றுச் செல் அன்றைக்கு வழக்கம்போல உயிரோடுதான் இருக்கும். அது இரண்டாகப் பிரிய முயலும்போதுதான், வெட்டுப்பட்டுத் தாறுமாறாக ஒட்டிய குரோமோசோம்களை, அதாவது டிஎன்ஏ சுருண்டிருக்கும் கட்டுகளை, பங்கு போட முடியாமல் சிக்கிக்கொள்கிறது. சில செல்கள் முதல் முயற்சியிலேயே சாகும், சில இரண்டு மூன்று முறை பிரிந்துவிட்டுச் சாகும். அதனால் வேகமாகப் பிரியும் செல்கள் உள்ள கட்டி சிகிச்சை நடக்கும்போதே கரையத் தொடங்கும். புராஸ்டேட் கட்டி போல மெதுவாக வளர்வது, சிகிச்சை முடிந்து பல மாதங்கள் ஆன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே இருக்கும். கடைசி நாளன்று எடுத்த ஸ்கேனில் கட்டி தெரிகிறதே என்று கலங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பல புற்றுநோய்களுக்கு முதல் முழுப் பரிசோதனையையே இரண்டு மூன்று மாதம் தள்ளி வைப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஒரே நாளில் ஏன் கூடாது? கட்டியைச் சுற்றியும், கட்டிக்குள்ளேயும்கூட, நல்ல செல்கள் இருக்கின்றன. கதிருக்கு நல்லது கெட்டது தெரியாது, இரண்டிலும் ஒரே மாதிரி வெட்டு விழும். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. நல்ல செல்லிடம் பழுதுபார்க்கும் ஏற்பாடு முழுசாக இருக்கிறது. புற்றுச் செல்களில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு எங்காவது ஓட்டையாக இருக்கும். போதாததற்கு, காயம் ஆறும்வரை காத்திருக்காமல் அது அவசரமாகப் பிரியப் போய்விடும். 2 கிரே கொடுத்துவிட்டு ஒரு நாள் விட்டால், நல்ல திசு பெருமளவு தேறிவிடும், கட்டி அந்த அளவுக்குத் தேறாது. ஒரு நாளில் இந்த வித்தியாசம் சிறியது. 30, 35 முறை திரும்பத் திரும்பச் செய்யும்போது அது பெருகிப் பெருகி, கட்டி அழிந்து திசு மிஞ்சும் அளவுக்கு வந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895இல். அடுத்த ஆண்டே மருத்துவர்கள் அதைக் கட்டிகள் மேல் பாய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். நிறைய கொடுத்தால் கட்டியோடு தோலும் புண்ணாகி அழுகியது, குறைத்தால் கட்டி திரும்பி வந்தது. பாரிஸில் க்ளோடியஸ் ரெகோ என்ற ஆய்வாளர் ஆட்டுக்கிடாக்களின் விதைப்பையில் சோதனை செய்தார். விந்தணுக்களை உண்டாக்கும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதால் அவற்றைக் கட்டிக்குப் பதிலாக வைத்துப் பார்த்தார். ஒரே தடவையில் கதிர் கொடுத்துக் கிடாவை மலடாக்க முயன்றால் மேல் தோல் கடுமையாகச் சிதைந்தது. அதையே பல நாள்களாகப் பிரித்துக் கொடுத்தபோது கிடா மலடானது, தோல் தப்பித்தது. அவருடன் வேலை செய்த ஆன்ரி கூட்டார் இந்த வழியைக் குரல்வளைப் புற்றுநோயாளிகளுக்குக் கொண்டுபோனார். முற்றிய நிலையில் இருந்த சிலர் பெரிய சேதம் இல்லாமல் குணமானதை 1922இல் பாரிஸ் மாநாட்டில் காட்டினார். இன்று உலகெங்கும் நடக்கும் தினசரி சிகிச்சையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிரித்துக் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. டிஎன்ஏவில் விழுந்த காயம் நிலைத்துவிட ஆக்சிஜன் வேண்டும். பெரிய கட்டிகளின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை. ஆக்சிஜன் இல்லாத அந்தச் செல்களைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிர் தேவைப்படும். அலகுக்குத் தன் பெயரைத் தந்த லூயிஸ் ஹரால்ட் கிரேயும் அவருடைய சகாக்களும் 1953இல் இதை விரிவாக விளக்கினார்கள். தினமும் கொஞ்சம் கொடுக்கும்போது ஓரத்தில் உள்ள செல்கள் முதலில் சாகின்றன, உள்ளே இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் எட்டுகிறது, அடுத்த முறை அவையும் மாட்டிக்கொள்கின்றன. சிகிச்சைக் காலத்தில் புகைபிடிக்கவே கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பதில் இதற்கும் பங்கு இருக்கிறது. புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சையின்போதும் புகைத்தவர்களுக்குப் பலன் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதுவரை சொன்னது காலத்தால் நல்ல திசுவைக் காப்பாற்றும் வழி. இடத்தால் காப்பாற்றுவது இன்னொரு வழி. கடந்த எழுபது ஆண்டுகளின் பொறியியல் எல்லாம் இதில்தான் இறங்கியது. 1951இல் கனடாவில், கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருளிலிருந்து கதிரைப் பாய்ச்சும் இயந்திரங்கள் வந்தன. 1953இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் லீனியர் ஆக்சிலரேட்டரால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை தரப்பட்டது. லினாக் என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த இயந்திரம் நுண்ணலைகளால் எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு ஓட்டி, டங்ஸ்டன் தகட்டில் மோத விடுகிறது. மோதலில் பிறப்பது மிகுந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிர். ரொம்ப நல்ல ஒரு குணம் இதற்கு உண்டு. தோலின் மேற்பரப்பில் இது குறைவாகவே ஆற்றலை விடுகிறது, சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போன பிறகுதான் உச்சத்தை அடைகிறது. பழைய காலத்துத் தோல் வெந்துபோகும் கொடுமை பெருமளவு ஒழிந்தது இதனால்தான்.

அப்புறம் திசைகள். ஒரே பக்கத்திலிருந்து அடித்தால் வழியில் உள்ள உறுப்பெல்லாம் முழுச் சுமையைத் தாங்க வேண்டும். அதனால் இயந்திரம் நோயாளியைச் சுற்றி வந்து பல கோணங்களிலிருந்து கதிரை அனுப்புகிறது. எல்லாக் கதிரும் சந்திக்கும் இடத்தில் கட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். இயந்திரத்தின் வாயில் வரிசையாக உள்ள மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் நொடிக்கு நொடி நகர்ந்து, அந்தந்தக் கோணத்தில் கட்டி எந்த வடிவில் தெரிகிறதோ அந்த வடிவில் கதிரை வெட்டிக்கொடுக்கின்றன. முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டியையும், தொடக் கூடாத உறுப்புகளையும் ஒவ்வொரு படத்திலும் மருத்துவர் வரைவார். தண்டுவடத்துக்கு 45 முதல் 50 கிரே வரைதான் தாங்கும் என்பது போல ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்புகளுக்குள் திட்டம் போடுவது மருத்துவ இயற்பியலாளர்களின் வேலை. நோயாளிகள் இவர்களை அநேகமாகப் பார்ப்பதே இல்லை. ஆனால் சிகிச்சையின் தரம் பெரிய அளவில் இவர்கள் கையில்தான் இருக்கிறது. முகத்துக்கு அச்சு வார்த்தது போன்ற பிளாஸ்டிக் முகமூடி, தோலில் குத்தும் சிறு புள்ளிகள், தினமும் கதிருக்கு முன்னால் எடுக்கும் படம் எல்லாம், திட்டத்தில் உள்ளபடியே உடல் கிடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். இடது மார்பகத்துக்குக் கொடுக்கும்போது மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்வார்கள். நுரையீரல் விரியும்போது இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகிக்கொள்கிறது.

இடம் துல்லியமாகிவிட்டால் காலத்தை நம்பியிருக்கத் தேவையில்லை. ஆகவே எல்லாப் புற்றுநோய்க்கும் ஏழு வாரம் கிடையாது. ஆரம்ப நிலை நுரையீரல் கட்டி சிறியதாக, ஓரமாக இருந்தால் 54 கிரேயை மூன்றே தடவையில் கொடுத்து முடிப்பது உண்டு. மூளையில் உள்ள சிறு கட்டிக்கு, ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய காமா நைஃப் முறையில் சுமார் இருநூறு மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் குவிகின்றன. அதற்கு ஒரு நாள் போதும். மார்பகப் புற்றுச் செல்கள் சின்னச் சின்ன அளவுகளைவிட ஒரு முறைக்குச் சற்றுப் பெரிய அளவுக்கு நன்றாகவே அசைந்து கொடுக்கின்றன என்று தெரிந்ததும், ஐந்து வாரம் என்பது மூன்று வாரமாகக் குறைந்தது. இப்போது தகுந்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறையாக 26 கிரே கொடுத்தால் போதும் என்று பெரிய சோதனை ஒன்று காட்டியிருக்கிறது. புராஸ்டேட்டிலும் இதே போக்குத்தான்.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் நடப்பது வேறு. வெளியிலிருந்து ஐந்து வாரம் கொடுத்தபின், உள்ளேயே கதிர் மூலத்தைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். கருப்பைக்குள் மெல்லிய குழாய்களைப் பொருத்தி, கம்பி நுனியில் உள்ள, கதிரியக்கம் கொண்ட இரிடியம் 192 துகளை அதன் வழியே இயந்திரம் அனுப்பும். அது திட்டமிட்ட இடங்களில் சில நொடிகள் நின்று நின்று நகரும். மூலத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் அளவு ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். கட்டிக்கு மிக அதிகமாகவும், சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் குறைவாகவும் கிடைப்பது இந்தக் கணக்கால்தான். பிராக்கிதெரபி எனப்படும் இந்தக் கட்டத்தைப் பயந்து தவிர்க்கக் கூடாது. இது இல்லாமல் வெளிக்கதிர் மட்டும் கொடுத்தால் குணமாகும் வாய்ப்பு தெளிவாகக் குறைகிறது.

தைராய்டில் கதிரைக் குறிபார்க்கவே வேண்டியதில்லை. அந்தச் செல்கள் அயோடினைத் தானாக இழுத்துக்கொள்ளும் என்பதால், கதிரியக்கம் கொண்ட அயோடின் 131ஐ விழுங்கக் கொடுத்தால் அது தானே போய்ச் சேர்ந்துவிடும். நிணநீர்ப் புற்றுநோய்கள் பலவற்றுக்கு 20 முதல் 30 கிரே போதும். எலும்பில் பரவி வலிக்கும் இடத்துக்கு 8 கிரே ஒரே முறை கொடுத்தால் பெரும்பாலோருக்கு வலி குறைகிறது. குணப்படுத்த முடியாத நிலையில் ஒருவரை நிம்மதியாகத் தூங்க வைக்கும் இந்த ஒரு நாள் சிகிச்சை, ஏழு வாரத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல என்பேன்.

புரோட்டான் சிகிச்சை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். அணுக்கருவில் உள்ள துகளான புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஆற்றலில் பெரும்பகுதியை விட்டுவிட்டு நின்றுவிடும். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946இலேயே எழுதினார். வளரும் குழந்தைகளுக்கும், மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிகளுக்கும் இதன் அருமை உண்மையானது. பெரியவர்களின் பரவலான புற்றுநோய்கள் எல்லாவற்றிலும் இது நல்ல லினாக்கை வென்றுவிடும் என்று சொல்ல முடியாது.

கதிர் பாயும்போது வலிக்காது. வெளியிலிருந்து கதிர் பெற்றவர் உடலில் கதிரியக்கம் எதுவும் தங்காது, குழந்தையைத் தூக்கலாம். அயோடின் விழுங்கியவர்களுக்கும், 'விதைகள்' எனப்படும் சிறு கதிரியக்கத் துகள்களை உள்ளே நிரந்தரமாக வைத்தவர்களுக்கும்தான் சில நாள் அல்லது சில வார விலகல் விதிகள் உண்டு. தலைக்குக் கொடுத்தால்தான் தலைமுடி கொட்டும், ஏனென்றால் கதிர் படும் இடத்தில்தான் பக்க விளைவு. எங்கே கொடுத்தாலும் வரக்கூடியது அசதி. வாய், குடல், தோல் போல வேகமாகப் புதுப்பிக்கும் திசுக்களில் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் புண்ணோ எரிச்சலோ தொடங்கி, சிகிச்சை முடிந்து சில வாரங்களில் ஆறிவிடும். மாதங்கள், ஆண்டுகள் கழித்து வருபவை வேறு ரகம்: வாய் வறட்சி, திசு இறுகிப்போதல், அரிதாக, கதிர் பட்ட இடத்திலேயே புதிய புற்றுநோய். தாடைக்குக் கதிர் போனால் பிறகு பல் பிடுங்குவது ஆபத்து. அதனால் பல் வேலையை முன்பே முடித்துவிட வேண்டும்.

இந்தப் புண்ணும் அசதியும் உச்சத்தில் இருக்கும் நாலாவது ஐந்தாவது வாரத்தில்தான் பலர் 'ரெண்டு நாள் விட்டுப் போறேன்' என்கிறார்கள். துரதிர்ஷ்டவசமாக, தலை, கழுத்துக் கட்டிகளில் தப்பிய செல்கள் வேகமெடுத்துப் பெருகத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் எல்லாவற்றையும் எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் இதனால்தான். விழுங்க முடியவில்லை, வலி தாங்கவில்லை என்றால் வீட்டில் படுத்துவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வலி மருந்தோ உணவுக் குழாயோ வைத்துச் சிகிச்சையை நிறுத்தாமல் கொண்டுபோவார்கள். தவிர்க்க முடியாமல் நாள் விட்டுப்போனால், சனிக்கிழமை வரச் சொல்வார்கள், அல்லது ஒரே நாளில் இரண்டு முறை கொடுப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் விடுவார்கள், நல்ல செல்கள் தங்கள் வெட்டுகளைச் சரிசெய்து முடிக்க அவ்வளவு நேரமாவது வேண்டும்.