ஆட்டோ ரிப்ளை: பதிலா, மறுமொழியா, அறிவித்தலா?

புரட்டாதி முடிகிற நேரம். மழை இறங்க முன்னர் மேட்டுக்காணியில் பயறு போட எண்ணி, ஒட்டுசுட்டானில் இருந்தபடியே ரவுணில் உள்ள ஒரு விதைக்கடைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "விதைப்பயறு இருக்கா? நாளைக்கு வரட்டோ?" அடுத்த கணமே செய்தி வந்தது: "எம்மைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி. உங்களுக்குச் சேவை செய்வதில் மகிழ்ச்சியடைகிறோம்." இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு காலமை பஸ் ஏறினேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் சங்கடப்பட்டார். "பயறு முடிஞ்சுது தங்கச்சி. உழுந்துதான் கிடக்கு."

எனக்கு வந்த அந்த முதல் செய்திக்குப் பெயர் 'ஆட்டோ ரிப்ளை'. தமிழில் 'தானியங்கிப் பதில்' என்றும் 'தன்னியக்க மறுமொழி' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றல்ல.

'பதில்' அரபு மொழியின் 'பதல்' என்ற சொல்லிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. மூலப்பொருள் மாற்று, அதாவது ஒன்றின் இடத்தில் நிற்கும் இன்னொன்று. 'பதிலாள்', 'அவருக்குப் பதிலாக இவர்', நமது நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி வரும் 'பதில் நீதவான்' எல்லாம் அந்தப் பழைய பொருளை அப்படியே வைத்திருக்கின்றன. கேள்விக்கு ஈடாகத் திரும்பி வருவது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

'மறுமொழி' தூய தமிழ். மறு, மொழி என்ற இரண்டும் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் காதுக்கு இது ஏட்டு நடையாகக் கேட்கலாம். இங்கே இலங்கையில் அது வீட்டுப் பேச்சு. "சோதினை மறுமொழி வந்திட்டுதோ?" என்கிறோம். "பொம்பிளை வீட்டார் இன்னும் மறுமொழி சொல்லேல்லை" என்கிறோம். இரண்டிலும் ஒருவர் கேட்டதை அல்லது எழுதியதை இன்னொருவர் எடுத்துப் பார்த்து, முடிவெடுத்துச் சொல்கிறார். அந்த எடுத்துப் பார்த்தல் இல்லாவிட்டால் அது மறுமொழி ஆகாது.

இன்னும் பின்னே போனால் 'மாற்றம்' என்ற சொல் உண்டு. "அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு" என்ற குறளில் (725) மாற்றம் என்பது மறுமொழிதான். தொல்காப்பியம் ஆளும் சொல் 'செப்பு'. "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்கிறது அதன் கிளவியாக்கம் என்ற இயல்: கேள்வியும் விடையும் வழுவாமல் காத்துக்கொள். அதே இயலில் இல்லாத பொருளைப் பற்றிக் கேட்டால் எப்படிச் சொல்வது என்றும் ஒரு விதி இருக்கிறது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ஒரு கடைவாசல் பேச்சு. "பயறு உளவோ வணிகீர்?" என்று கேட்டால், வணிகர் "உழுந்து அல்லது இல்லை" என்று சொல்ல வேண்டும். கேட்டது இல்லை, இருப்பது இது என்ற இரண்டும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. இலக்கணம் படிக்காத அந்தக் கடைக்காரர், நேரில் கண்டதும் என்னிடம் சொன்னதும் அதையேதான். உழுந்து என்ற எழுத்துக்கூட இங்கே மாறவில்லை. முதல்நாள் அந்த மனிதரின் வாயை அடைத்து வைத்திருந்தது, நன்றி சொல்லும் அந்த வாசகம்.

'ஆட்டோமேட்டிக்' என்பதன் கிரேக்க மூலம் 'அவுட்டோமட்டோஸ்'. முன்பாதி 'தான்'. பின்பாதி நினைத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. வடமொழி 'மனஸ்' என்பதற்கும் அதே வேர்தான். தன் நினைப்பால் இயங்குவது என்பது அதன் பழம்பொருள். நம்முடைய 'தன்னியக்க', 'தானியங்கி' இரண்டும் இயக்கத்தை மட்டும் சொல்கின்றன, நினைப்பைச் சொல்லவில்லை. எனக்கு அவைதான் நேர்மையாகப் படுகின்றன.

2018 இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, முதல் வணக்கச் செய்தியையும் கடை பூட்டியிருக்கும் நேரச் செய்தியையும் தானாகவே அனுப்பும். ஆனால் அதிலுள்ள 'குயிக் ரிப்ளை' அப்படியல்ல. எழுதி வைத்த வாசகத்தை, வந்த செய்தியைப் பார்த்த ஒருவர் தெரிந்தெடுத்து அனுப்புகிறார். அது மறுமொழிதான். முன்னவை இரண்டும் பூட்டிய கதவில் தொங்கும் அட்டை போன்றவை. அந்த அட்டையை நாம் அறிவித்தல் என்றுதான் சொல்கிறோம். ஆகவே ஆட்டோ ரிப்ளைக்கு 'தன்னியக்க அறிவித்தல்' என்பதே சரியான தமிழ் என்பேன். 'பதில்' என்று எழுதினால், ஆள் இல்லாத இடத்தில் நிற்பது என்ற பொருளிலாவது அது பொருந்தும். 'மறுமொழி' என்று மட்டும் எழுத வேண்டாம்.

கடை வைத்திருப்பவர்கள் அந்த நன்றி வாசகத்தை அழித்துவிட்டு இப்படி எழுதலாம்: "இது ஃபோன் தானாக அனுப்பும் அறிவித்தல். உங்கள் செய்தியை இன்னும் ஒருவரும் வாசிக்கவில்லை. காலை 8 மணிக்குக் கடை திறந்ததும் பார்த்து மறுமொழி சொல்லுவோம். அதுவரை வெளிக்கிடாதேங்கோ."