சேவை மனம் இருந்தும் ஏன் இடம் கிடைக்கவில்லை?

சில வாரங்களுக்கு முன் ஓர் இளம்பெண் தம் விண்ணப்பக் கோப்புடன் என்னைப் பார்க்க வந்தார். சமூகப்பணிப் பட்டப்படிப்புக்கு அவர் விண்ணப்பித்திருந்த நான்கு பல்கலைக்கழகங்களும் அவரை நிராகரித்திருந்தன. முந்தைய ஆண்டும் இதே கதைதான். "எனக்கு உதவும் மனப்பான்மை இல்லை என்று அவர்கள் எப்படி மேடம் முடிவு செய்யலாம்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அவருடைய நோக்க அறிக்கையை வாங்கி, மேசையில் கிடந்த பென்சிலால் 'உதவி' என்ற சொல்லையும் அதன் உறவுக்காரச் சொற்களையும் வட்டமிட்டுக்கொண்டே போனேன். ஒன்றரைப் பக்கத்தில் 14 வட்டங்கள். யாருக்கு உதவினார், எப்போது உதவினார், அதன் பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. (அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

களப்பணி மாணவர்களை மேற்பார்வையிடுவதும் சேர்க்கைக்கான நேர்முகக் குழுக்களில் அமர்வதும் என் வேலையின் ஒரு பகுதி என்பதால், நிராகரிக்கப்பட்டவர்கள் என்னைத் தேடி வருவது வழக்கம். முன்பெல்லாம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கு வைத்திருந்தேன். இந்தப் பெண்ணோடு அந்தக் கணக்கை மூடிவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததை ஒரே முறை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் நம் மொழியிலேயே உள்ள ஒரு குழப்பத்தைப் பேசியாக வேண்டும். 'சமூக சேவை', 'சமூகப்பணி' என்ற இரண்டையும் நாம் ஒன்றாகவே புழங்குகிறோம். நான் சமூகப்பணியாளர் என்று சொன்னால், "நல்ல மனசுங்க உங்களுக்கு" என்று பாராட்டுகிறார்கள். அறுவை மருத்துவரிடமோ கட்டடப் பொறியாளரிடமோ யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுடைய மனம் நல்லதாக இருந்தால் நல்லதுதான், ஆனால் கத்தி எங்கே படவேண்டும் என்பதும் தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று எல்லோரும் இயல்பாகவே எதிர்பார்க்கிறார்கள். குடும்ப வன்முறையில் சிக்கிய ஒரு பெண் இன்றிரவு அந்த வீட்டுக்குத் திரும்பலாமா என்று மதிப்பிட வேண்டியவருக்கு மட்டும் நல்ல மனம் போதும் என்று நினைப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த வாதமும் அல்ல. நன்கொடை வழங்கும் அமைப்புகளில் பணிபுரிவோருக்கு முறையான பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று, அமெரிக்காவில் சமூகப்பணியின் முன்னோடிகளில் ஒருவரான மேரி ரிச்மண்ட் வலியுறுத்தியது 1897இல். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைப் பயிற்சி தொடங்கியது. 1899இல் ஆம்ஸ்டர்டாமில் ஈராண்டு முழுநேரப் படிப்பே வந்துவிட்டது. கருணை உள்ளவர்கள் அப்போதும் ஏராளமாக இருந்தார்கள். கருணையோடு ஏழை வீடுகளுக்குப் போனவர்கள் அறியாமையால் செய்த பிழைகளைப் பார்த்த பிறகுதான் அந்தப் பள்ளிகள் தோன்றின. இவ்வளவு காலம் கழித்தும் 'எனக்கு இரக்க குணம் அதிகம்' என்பதையே முதன்மைத் தகுதியாக முன்வைத்தால், தேர்வுக் குழுவில் இருப்பவர் அடுத்த கோப்பை எடுப்பதைத் தவிர வேறென்ன செய்வார்?

சமூகப்பணியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் சமூகப்பணிக் கல்லூரிகளின் சர்வதேசச் சங்கமும் 2014இல் ஏற்றுக்கொண்ட வரையறையை ஒருமுறையாவது படித்துப்பாருங்கள். நடைமுறை சார்ந்த ஒரு தொழில் என்றும், ஒரு கல்வித் துறை என்றும் அது சமூகப்பணியைக் குறிப்பிடுகிறது. சமூக நீதி, மனித உரிமை, கூட்டுப் பொறுப்பு, வேற்றுமைகளை மதித்தல் ஆகியவை அதில் மையமாக நிற்கின்றன. 'உதவி' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. விண்ணப்பிக்கும் முன் இந்த ஒரு பத்தியைக்கூடப் படிக்காமல் நேர்முகத் தேர்வுக்கு வருபவர்களைக் காணும்போது எனக்குக் கோபத்தைவிட ஆயாசமே மிஞ்சுகிறது.

நேர்முகத் தேர்வில் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். தனியாக வாழும் ஒரு முதியவர் இரண்டு முறை வீட்டில் விழுந்துவிட்டார். முதியோர் இல்லத்துக்குப் போக அவருக்கு விருப்பமில்லை. மகனோ எப்படியாவது சேர்த்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? பத்தில் எட்டுப் பேர் "அவருக்குப் புரியவைத்து இல்லத்தில் சேர்ப்பேன்" என்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், முதியவராக நடிக்கும் எங்கள் சக பணியாளரின் கையைப் பிடித்து, "கவலைப்படாதீர்கள், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குறுதியே கொடுத்துவிடுகிறார்கள். எதைப் பார்த்துக்கொள்வீர்கள், எந்த அதிகாரத்தில், எத்தனை நாள் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஒருமுறை, மதிப்பெண் பட்டியலில் கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவர், "எந்த இடத்தில் விழுந்தார், எந்த நேரத்தில் விழுந்தார் என்று சொல்ல முடியுமா?" என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் இரண்டு முறையும் விழுந்திருந்தால், ஒரு விளக்கும் சுவரில் ஒரு கைப்பிடியும் அவரை இன்னும் சில ஆண்டுகள் சொந்த வீட்டிலேயே வைத்திருக்கக்கூடும். அந்த மாணவருக்கு அன்றே இடம் உறுதியாயிற்று. பயனாளியின் சுயநிர்ணய உரிமை (தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமை) என்றும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட உணர்வு ஈடுபாடு (பரிவு காட்டும்போதும் உணர்ச்சிவசப்பட்டுவிடாமல் இருப்பது) என்றும், அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு நெறிகளில் இரண்டு உண்டு. அந்த மாணவருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் அவற்றின் வழியில் யோசிக்கத் தெரிந்திருந்தது. பெயர்களை நாங்கள் கற்றுக்கொடுத்துக்கொள்வோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா நிராகரிப்பும் உங்கள் குறையால் வருவதில்லை. மொத்தப் படிப்பில் குறைந்தது 25 சதவீதம் களப்பயிற்சியாக இருக்கவேண்டும் என்று இத்துறையின் 2020ஆம் ஆண்டு உலகத் தரநிலைகள் கூறுகின்றன. வகுப்பறையில் இன்னும் பத்து நாற்காலிகளைப் போட்டுவிடலாம். தகுதியுள்ள களப்பணி மேற்பார்வையாளர்கள் பத்துப் பேரை எங்கிருந்து கொண்டுவருவது? எனவே தகுதியானவர்களும் ஆண்டுதோறும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டு அழுதுகொண்டிருக்காதீர்கள். கடைசி நேரத்தில் அழைப்பு வந்து, எடுக்க ஆளில்லாமல் அடுத்தவருக்குப் போன இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிராகரிப்புக் கடிதம் வந்தவுடன் செய்யவேண்டியது, அதே விண்ணப்பத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி அடுத்த இடத்துக்கு அனுப்புவது அல்ல. (பெயரை மாற்றவும் மறந்து அனுப்பியவர்கள் உண்டு.) எந்தக் கட்டத்தில் நின்றுபோனீர்கள் என்று முதலில் பாருங்கள்: அடிப்படை மதிப்பெண்ணிலா, நோக்க அறிக்கையிலா, குழு விவாதத்திலா, நேர்முகத்திலா? மூன்று நாள் கழித்து, மனம் தணிந்த பிறகு, சேர்க்கை அலுவலகத்துக்கு நான்கே வரிகளில் எழுதுங்கள்: முடிவை ஏற்கிறேன், அடுத்த முறை விண்ணப்பிக்க எண்ணுகிறேன், எந்தப் பகுதியில் வலுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன், இவ்வளவுதான். முடிவை எதிர்த்து வாதாடும் கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் அச்சடித்த பதிலே வரும். பணிவான கேள்விக்குப் பல இடங்களில் ஒரு வரியாவது உருப்படியாகக் கிடைக்கிறது. அந்த ஒரு வரி போதும், ஓராண்டைத் திட்டமிட.

அந்த ஓராண்டில் என்ன செய்வது? அனுபவம் தேடுங்கள் என்று சொன்னால் உடனே ஒரு நாள் முகாமில் உணவுப் பொட்டலம் வழங்கிய புகைப்படத்தை இணைத்து அனுப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்களுக்குத் தேவை தொடர்ச்சி. மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையம், முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், தொலைபேசி ஆலோசனை மையம் என எங்காவது வாரத்துக்கு நான்கு மணி நேரமானாலும் ஆறு மாதம் இடைவிடாமல் போய் வாருங்கள். வீட்டில் நோயுற்ற பாட்டியைப் பராமரித்ததும் அனுபவமே. அதைச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். போய் வரும் ஒவ்வொரு நாளும் இரவில் அரைப் பக்கம் எழுதுங்கள்: இன்று என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன், மறுபடி நடந்தால் எப்படி நடந்துகொள்வேன். பெயர்களை எழுதாதீர்கள், ரகசியம் காத்தல் அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறது. நேர்முகத் தேர்வில் "ஒரு முறை தவறு செய்தேன்" என்று தொடங்கி நிதானமாக விளக்குபவரைக் கண்டால், குழுவில் இருப்பவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

சொந்த வாழ்வின் துயரத்தை எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதலாம். குடிநோயாளித் தந்தையோடு வளர்ந்தவர், காப்பகத்தில் வளர்ந்தவர், மனநோயிலிருந்து மீண்டவர் ஆகியோர் இத்துறைக்குக் கொண்டுவரும் அறிவு பாடநூலில் கிடைக்காதது. ஆனால் அந்தக் காயம் ஆறியிருக்கிறதா என்பதைக் குழு கட்டாயம் பார்க்கும். அறிக்கையின் முக்கால் பங்கு துயரத்தின் விவரிப்பாகவும், கடைசி இரண்டு வரி மட்டும் படிப்பைப் பற்றியும் இருந்தால், இவர் களத்துக்குப் போனதும் தம் கதையையே ஒவ்வொரு பயனாளியிடமும் காண்பாரோ என்ற அச்சம் எங்களுக்கு எழுகிறது. நடந்ததை மூன்று வரியில் சொல்லுங்கள். அதிலிருந்து நீங்கள் புரிந்துகொண்டதை ஒரு பத்தியில் சொல்லுங்கள். இன்னும் ஆறவில்லை என்று உங்களுக்கே தோன்றினால், முதலில் உங்களுக்கான ஆலோசகரைத் தேடிக்கொள்ளுங்கள். படிப்பு எங்கும் ஓடிவிடாது.

பழைய வழக்கு, தண்டனை, பணிநீக்கம் ஏதேனும் இருந்தால் மறைக்காதீர்கள். குழந்தைகளோடும் நலிந்தோரோடும் பணிபுரிய அனுப்பும் முன் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும் இடங்களே அதிகம். குற்றத்தின் தன்மை, நடந்து எத்தனை ஆண்டுகள், அதன் பின் எப்படி வாழ்ந்திருக்கிறீர்கள் என்பவற்றை எடைபோட்டு இடம் கொடுத்திருக்கிறோம். மறைத்தது வெளிப்பட்டவருக்குக் கொடுத்ததில்லை.

காசு வாங்கிக்கொண்டு இடம் பிடித்துத் தருவதாகச் சொல்பவர்களையும், அறிக்கை எழுதித் தருபவர்களையும் நம்பாதீர்கள். ஒரே ஆண்டில் ஒரே தொடக்க வரியோடு மூன்று அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கணினியிடம் எழுதச் சொல்லி வாங்கியதும் இரண்டாவது பத்தியிலேயே பிடிபட்டுவிடும். எழுதியது யார் என்று நாங்கள் கேட்கவே வேண்டியதில்லை, அதில் உள்ள ஒரு வாக்கியத்தை விளக்கச் சொன்னால் போதும்.

நேர்வழி அடைபட்டால் பக்கவழிகள் உண்டு. சமூகவியல், உளவியல், மனித மேம்பாடு போன்றவற்றில் இளநிலை முடித்துவிட்டு முதுநிலையில் சமூகப்பணிக்கு வருவதைப் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. என்னோடு பணிபுரிபவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தாம். பராமரிப்புப் பணியிலோ நலத்திட்ட உதவியாளர் பணியிலோ சேர்ந்து, வேலையில் இருந்தபடியே படிக்கும் வழியும் சில நாடுகளில் இருக்கிறது. ஆனால் விரக்தியில் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்தப் படிப்பை, நீங்கள் பணிபுரிய விரும்பும் நாட்டில் சமூகப்பணியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு அங்கீகரிக்கிறதா? பல நாடுகளில் 'சமூகப்பணியாளர்' என்ற பெயரே சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது. இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல் பதிவு பெறாதவர் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. விளம்பரத் தாளில் அச்சிட்டிருப்பதை நம்பாமல், பதிவு அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். மூன்றாண்டு படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு வந்தவரிடம் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "சேவை செய்வதற்கு ஒரு படிப்பா, அதிலும் இடம் கிடைக்கவில்லையா?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். நான் மேலே புலம்பிய குழப்பம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் குடியிருக்கிறது.

பென்சில் வட்டங்களோடு போன பெண் சென்ற வாரம் புதிய வரைவை அனுப்பியிருந்தார். பார்வைக் குறைபாடுள்ள ஒரு பள்ளி மாணவிக்கு ஓராண்டு பாடம் வாசித்துக் காட்டியதையும், தேர்வுக்கு முதல் நாள் அந்த மாணவி "இனிமேல் நீங்கள் வரவேண்டாம், நானே ஒலிப்பதிவில் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னபோது தமக்கு ஏற்பட்ட கோபத்தையும், அந்தக் கோபம் ஏன் வந்தது என்பதையும் எழுதியிருந்தார். 'உதவி' இரண்டே இடங்களில் இருந்தது. இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். ஒன்றை எடுத்துவிட்டதாகவும், மற்றது அந்த மாணவியே சொன்ன சொல் என்பதால் அதை மாற்றும் உரிமை தமக்கில்லை என்றும் பதில் வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.