கிணற்றுக்கு வாய்த்த படை, அணைக்கு வினை

வன்னியில் கிணறு வெட்டுபவர் தேடுவதும் அணை கட்டுபவர் அஞ்சுவதும் ஒரே படையைத்தான். மேல்மண்ணையும் கிரவலையும் தாண்டி இறங்கினால், கையால் நசுக்க மணலாய் உதிரும் மக்கிய கல் வரும். அதன் கீழே வெடிப்போடிய கருங்கல். மக்கிய படை பெரும்பாலும் 10 மீற்றருக்கு மேல் தடிப்பதில்லை. கோடையில் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நிற்பது அதன் தயவில்தான். அதன்மேல் அணைக்கட்டை எழுப்பித் தண்ணீரைத் தேக்கினால், அதே வழியால் நீர் கட்டுக்கு அடியால் மறுபக்கம் போய்விடும்.

மேற்குக் கரையோரச் சுண்ணக்கல்லை விட்டால், இங்கே பெரும்பாலும் நைஸ் (gneiss) என்னும் உருமாறிய பாறைதான். புவியியலாளர் இந்தப் பாறைத் திரளுக்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெடிப்பில்லாத நைஸ் துண்டை நாள்கணக்கில் ஊறப்போட்டாலும் தண்ணீர் அனேகமாக உள்ளே ஏறாது. ஒழுகுவது கல் அல்ல, வெடிப்பு. அதுவும் ஒரு வெடிப்பின் அகலம் இரண்டு மடங்கானால், அதனூடாகப் போகும் நீர் எட்டு மடங்காகும். அதனால் பாறையைக் கண்ணால் பார்த்து 'நல்ல கல்' என்று சொல்வதில் பயனில்லை. தண்ணீரை உள்ளே அழுத்தித்தான் பார்க்கவேண்டும்.

அதற்கான சோதனையைச் சுவிஸ் புவியியலாளர் மொறிஸ் லுஜோன் 1933இல் வகுத்தார். சுமார் 76 மில்லிமீற்றர் விட்டத்தில் துளை போட்டு, வெளிவரும் நீர் தெளியும்வரை கழுவ வேண்டும். பிறகு 3 முதல் 5 மீற்றர் வரையான ஒரு பகுதியை ஊதிப் பெருக்கும் ரப்பர் அடைப்பானால் பிரித்து, அதற்குள் தண்ணீரை அழுத்துவார்கள். 10 பார் அழுத்தத்தில், ஒரு மீற்றர் நீளம், ஒரு நிமிடத்தில் ஒரு லீற்றர் குடித்தால் அது 1 லுஜோன்.

மேல்மட்டத்தில் 10 பார் கொடுத்தால் பாறையே பிளந்துவிடும். 15 மீற்றர் ஆழத்தில் 3 பாருக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. 3 மீற்றர் பகுதி, 3 பார், 10 நிமிடம், 27 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீற்றருக்கு நிமிடத்துக்கு 0.9 லீற்றர், 10 பாருக்கு மாற்றினால் 3 லுஜோன்.

இந்தக் கணக்கில் அடிக்கடி தவறுவது அழுத்தம். மானி காட்டுவது மட்டும் அழுத்தம் அல்ல. மானிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே குழாயில் நிற்கும் நீரின் பாரமும் சேரும். மானி தரைக்கு மேல் 1 மீற்றர், நீர்மட்டம் தரைக்குக் கீழ் 6 மீற்றர் என்றால், 10 மீற்றர் நீர் ஏறத்தாழ 1 பார் என்பதால், 0.7 பார் கூட வரும். அப்படியானால் 3 பாருக்கு மானியில் 2.3 நின்றால் போதும் (குழாயில் உராய்வால் குறையும் அளவை மானியில் கூட்டவேண்டும்). மார்கழி மழையில் தரையோடு ஒட்டி நிற்கும் நீர், ஆவணி வரட்சியில் பல மீற்றர் இறங்கிவிடும். சோதனை நாளில் நீர்மட்டத்தை அளக்காதவரின் இலக்கத்தை நம்பக்கூடாது.

ஒரே அழுத்தத்தில் ஒருமுறை பார்ப்பதும் போதாது. 1, 2, 3, 2, 1 பார் என்று ஏற்றி இறக்கி, ஒவ்வொரு படியிலும் 10 நிமிடம் அளப்பார்கள். ஐந்திலும் 3 லுஜோன் வந்தால் நிம்மதி. நடுப்படியில் மட்டும் 9க்கு எகிறித் திரும்ப 3க்கு வந்தால், அழுத்தம் வெடிப்பைத் திறந்து மூட விட்டிருக்கிறது. 3, 4, 6, 8, 11 என்று அழுத்தம் குறைந்த பிறகும் ஏறிக்கொண்டே போனால் அதுதான் கெட்ட செய்தி: வெடிப்பை அடைத்திருந்த களி கழுவப்படுகிறது. நாளைக்குக் குளத்து நீரும் அதையே செய்யும். அப்போது எடுக்கவேண்டியது 11, சராசரி அல்ல.

மக்கிய படையில் அடைப்பான் பிடிக்காது. தண்ணீர் அதைச் சுற்றி மேலே வந்துவிட, பாறை நிறையக் குடிப்பதுபோல் தோன்றும். அங்கே துளைச் சுவர் இடியாமல் இறக்கும் உறைக்குழாயில் நீரை நிரப்பி, மட்டம் இறங்கும் வேகத்தை அளப்பதே முறை. செங்குத்து வெடிப்புகளைச் செங்குத்துத் துளை தவறவிடும் என்பதால் சில துளைகளைச் சரித்தும் போடவேண்டும்.

கசிவு தண்ணீர் இழப்போடு நிற்பதில்லை. பிரான்சின் மல்பாசே அணையும் நைஸ் பாறையில்தான் நின்றது. வெடிப்புகளில் ஏறிய நீரழுத்தம் இடதுகரைப் பாறையைத் தள்ள, 1959 டிசம்பர் 2 இரவு அணை உடைந்து 400க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

பரிகாரம் படைக்குப் படை வேறு. வெடிப்போடிய பாறைக்குள் சீமெந்துப் பாலை அழுத்தி ஏற்றலாம், ஆனால் சாதாரண சீமெந்தின் பெரிய மணிகள் 0.1 மில்லிமீற்றர் வரை இருப்பதால் மயிரிழை வெடிப்புக்குள் அது நுழையாது. மக்கிய படை சீமெந்தை ஒழுங்காக வாங்காது. அதை நல்ல பாறைவரை தோண்டியெடுத்து, களியை இடித்து இறுக்கி நிரப்புவதே உறுதி. அப்படி முழுதாக மறித்தால் கட்டுக்குக் கீழேயுள்ள கிணறுகளுக்குப் போகும் ஊற்றும் குறையலாம். அதனால் வேலை தொடங்குமுன், மாரியும் கோடையும் சேர்ந்த ஒரு முழு வருடத்துக்கு அந்தக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மாதாமாதம் எழுதிவைக்க வேண்டும்.